'அசல்' என்று எழுதியிருந்த டிஸ்க்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. படித்துவிட்டு "நல்லா கற்பனை பண்றீங்க" என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கற்பனை செய்யத் தெரிந்தவளாக இருந்தால் நான் ஏன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேன்?

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் போவது என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். வெளியே நல்ல வெயில். உள்ளே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நேரங்களைச் சரியாகச் சொல்வேன். வேலைக்குப் போகிற இடத்தில் ஒவ்வொன்றையும் மணி பார்த்து நோட்டில் குறிப்பது என் பழக்கம். அந்த நோட்டு இப்போதும் என் பக்கத்தில்தான் இருக்கிறது.

நானும் மாமாவும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடை அவருடையது, கத்தல் என்னுடையது. எதையும் எண்ணி, அடுக்கி, பெயர் எழுதி வைப்பேன் என்பதால் என்னை 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று வேலை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். ஊரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், எங்கே வண்டி மோதினாலும், போன் வருவது அந்த அறைக்குத்தான். பன்னிரண்டு இருக்கை, பன்னிரண்டு கம்ப்யூட்டர். எல்லாம் வைரஸ் பிடித்து நொண்டிக்கொண்டிருந்தன. அழித்துவிட்டுப் புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டும். அதற்காகக் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை போன் லைன்களைப் பக்கத்து ஊருக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

அங்கே சூப்பர்வைசராக இருக்கும் அக்கா சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"ஆறு மணிக்கு லைன் தானா திரும்பி வந்துடும். நடுவுல தள்ளிப்போட முடியாது. அப்ப மெஷின் ரெடியா இல்லன்னா, கூப்பிடறவங்களுக்கு மணி மட்டும் அடிச்சிட்டே இருக்கும். எடுக்க ஆள் இருந்தும் எடுக்க முடியாது."

"முடிச்சிடுவோம் அக்கா."

"முடிச்சுத்தான் ஆகணும்மா. இல்லன்னா யாராவது செத்துடுவாங்க."

மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கட்டடத்தில் நான், மாமா, வாசலில் வாட்ச்மேன். வேறு யாரும் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த அறையில் இருந்தது பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். டிஸ்க் வெளிவந்த பிறகு அதன் ஓட்டைகளை அடைக்க ஒன்றன்பின் ஒன்றாக அப்டேட்கள் வந்திருந்தன. மொத்தம் எண்பத்தேழு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எண்பத்தேழையும் தனித்தனியாகப் போட்டால் ஒரு வாரம் ஆகும். அதனால் டிஸ்க்கில் இருப்பதை ஒரு ஃபோல்டரில் கொட்டி, அப்டேட்களை அதற்குள்ளேயே கலந்து, புது டிஸ்க்காக எழுதிக்கொள்வோம். அதைப் போட்டால் எல்லாம் ஒரே தடவையில் ஏறிவிடும். எங்கள் கடையில் இதற்குக் 'கலவை' என்று பெயர்.

கலவைக்கு ஒரே ஒரு சட்டம்தான். கம்பெனியின் அசல் டிஸ்க்கில்தான் கலக்க வேண்டும். வேறு ஒருவர் ஏற்கெனவே கலந்துவைத்ததில் கைவைக்கவே கூடாது. அவர் உள்ளே என்ன போட்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. நாம் போடுவது மேலே போய் உட்காரும். அவர் போட்டது அடியில் அப்படியே இருக்கும்.

காலை 10:20. மாமா முந்தின நாளே கடையில் அடித்துக் கொண்டுவந்த கலவையைப் போட்டோம். லைசென்ஸ் கீ எண்ணை அது ஏற்கவில்லை. டிஸ்க் ஒரு பதிப்பு, கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்த கீ வேறொரு பதிப்பு.

"ஸ்டிக்கரைப் பாக்கவே இல்லையா மாமா?"

"பாத்தேன். பாக்கும்போது ஒரு போன் வந்துடுச்சு."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடைக்குப் போய் வர இரண்டு மணி நேரம். அந்த இடத்தின் சொந்த டிஸ்க் எங்கேயாவது இருக்கும் என்று தேடினோம். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி. அலமாரியில் ஒரே ஒரு டிஸ்க். மேலே நீல மார்க்கரில் நிதானமான கையெழுத்தில் 'அசல்' என்று எழுதியிருந்தது.

அசலிலிருந்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் சாதாரணம். ஆனால் அது நிஜமாகவே அசல்தானா என்று ஃபைல்களின் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அசல் என்றால் எல்லாத் தேதியும் ஒன்றாக இருக்கும். ஒரு பார்வை போதும். அந்த ஒரு பார்வையை நான் பார்க்கவில்லை. மாமாவைத் திட்டுகிற மும்முரத்தில் இருந்தேன்.

10:52. கலவையை ஆரம்பித்தேன். மாமா கேபிள் வேலைக்காக மேலே போனார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அப்டேட்டும் சேரச் சேர ஒரு வரி வரும். நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். அதுவும் பழக்கம்.

11:41. முடிந்தது. நான் எண்ணியது எண்பத்தேழு.

திரையில்: சேர்க்கப்பட்டவை 88.

பட்டியலின் கடைசிக்குப் போனேன். எண்பத்தெட்டாவது வரிக்கு அப்டேட் எண் இல்லை. அளவு இல்லை. விவரம் என்கிற இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துகளில் ஒரு தமிழ் வார்த்தை.

மீதி.

மாமாவின் குறும்பு என்றுதான் நினைத்தேன். மேலே போன் போட்டேன்.

"விளையாடற நேரமா மாமா இது?"

"கேபிளோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். நான் எங்க விளையாடறது? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

அப்டேட்களைப் போட்டு வைத்திருந்த பென் டிரைவில் எண்ணினேன். எண்பத்தேழு. 'மீதி' என்று எந்த ஃபைலும் எங்கேயும் இல்லை. ஃபோல்டரையே அழித்தேன். டிஸ்க்கிலிருந்து மறுபடி கொட்டினேன். 11:50க்கு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

12:39. சேர்க்கப்பட்டவை 88.

கடைசி வரி: மீதி.

மூன்றாவது முறை செய்ய நேரமில்லை. "சரி, கிட சனியனே" என்று வாய்விட்டே சொன்னேன்.

"க்ஹும்..."

எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினேன். அலமாரிதான் இருந்தது. மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. காற்றாடி சத்தம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

12:45. முதல் டிஸ்க்கை எழுதப் போட்டேன். காலி டிஸ்க்குகள் மேலே என் பையில் இருந்தன. எடுத்துக்கொண்டு 12:53க்குத் திரும்பி வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் என் கால் தரையில் எட்டவில்லை. யாரோ நாற்காலியை உயர்த்தியிருந்தார்கள். மவுஸைத் தேடினேன். வலது பக்கம் இல்லை. கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது.

"மாமா, கீழ வந்தீங்களா?"

"இல்லையே."

நாற்காலியை இறக்கினேன். மவுஸை வலது பக்கம் வைத்தேன். உட்கார்ந்தபடியே இரண்டாவது, மூன்றாவது டிஸ்க்கை எழுதினேன். 1:20. மூன்றாவதை எடுக்கக் குனிந்தேன். டிரைவ் கால் பக்கத்தில் இருந்தது. நிமிர்ந்தேன்.

மவுஸ் இடது பக்கம்.

இந்த முறை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

 டிஸ்க்குகளை அள்ளிக்கொண்டு படியேறினேன். ஓடவில்லை. ஓடினால் பயந்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்துவிடும்.

1:30. இருக்கை 1, 2, 3. மூன்று டிஸ்க்கையும் போட்டோம். பாதியில் பெயர், கீ, மணி எல்லாம் கேட்கும். நாம் தட்டச்சு செய்ய வேண்டும். அன்று எதுவும் கேட்கவில்லை. தானாகவே நிரப்பிக்கொண்டு போனது. மாமா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது அசலா?"

"அசல்னுதான் எழுதியிருந்துச்சு."

"எழுதியிருந்தா அசலாயிடுமா? தேதி பாத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன். கடைக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக மாமாவிடம் நான் மாட்டிக்கொண்டேன். யாரோ ஒருவர் பதில்களை எல்லாம் முன்கூட்டியே எழுதி அந்த டிஸ்க்குக்குள் வைத்திருந்தார். அதன்மேல் நான் கலந்திருக்கிறேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்ப வேற வழியும் இல்ல. ஒழுங்கா ஏறுதான்னு பாப்போம். ஹெட்மிஸ்ட்ரஸே ஃபெயிலானா நான் என்ன பண்ண?"

ஒழுங்காகத்தான் ஏறியது. 2:20க்கு மூன்றும் தயார். எந்தக் குறையும் இல்லை. இதே வேகத்தில் போனால் பன்னிரண்டும் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். டிஸ்க்குகளை எடுத்து 4, 5, 6ல் போட்டேன். கட்டடத்தின் பின்பக்கம் போன் பெட்டியைப் பார்க்க மாமா வாட்ச்மேனோடு போனார். நான் முகம் கழுவப் போனேன்.

2:48. திரும்பி வந்தேன்.

4, 5, 6 ஓடிக்கொண்டிருந்தன.

7, 8, 9ம் ஓடிக்கொண்டிருந்தன.

எங்களிடம் இருந்தது மூன்று டிஸ்க்.

ஏழாவது கம்ப்யூட்டரின் டிஸ்க் தட்டைத் திறந்தேன். காலி. எட்டு... காலி. ஒன்பது... காலி. ஆனால் மூன்று திரையிலும் ஃபைல்கள் ஏறிக்கொண்டிருந்தன. நான் கையை எடுத்ததும் மூன்று தட்டும் தாமாக உள்ளே போயின. ஒன்றாக அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக. யாரோ வரிசையாக நடந்து மூடிக்கொண்டு போனதுபோல.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ஏழு, எட்டு, ஒன்பது... நீங்க ஆரம்பிச்சீங்களா?"

"நான் இங்க பின்னாடி நிக்கிறேன். ஏன்?"

"டிஸ்க் இல்லாம ஓடுது மாமா."

"டிஸ்க் இல்லாம எப்படிம்மா ஓடும்? வெயில்ல நிக்கிறது நான். உனக்குத் தலை சுத்துதா?"

போனை வைத்தேன்.

பத்தாவது இருக்கை... நாற்காலி மெல்ல ஒரு பக்கம் திரும்பியது. யாரோ உட்கார்ந்தால் ஒரு மூச்சுவிடும் சத்தம் வருமே, அந்தச் சத்தம். உஸ்ஸ்...

திரை நீலமானது. ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் எஃப் எட்டை அழுத்தச் சொல்லும் பக்கம் வந்தது. யாராவது விரலால் அழுத்தினால்தான் அது நகரும். நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஃப் எட்டு கீழே இறங்கியது.

டக்.

மறுபடி மேலே வந்தது.

நாற்காலிச் சக்கரங்கள் உருண்டன. பதினொன்று... டக்.

பன்னிரண்டு... டக்.

கதவோரச் சுவரில் ஒரு பெரிய ஸ்விட்ச். அதை அணைத்தால் பன்னிரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் நின்றுவிடும். நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. கை அதன்மேல் இருந்தது. மணி 2:57.

அழுத்தவில்லை.

அழுத்தினால் ஒன்பது கம்ப்யூட்டர் பாதி அழிந்து, பாதி ஏறி, எதற்கும் ஆகாமல் கிடக்கும். முதலிலிருந்து ஆரம்பித்தால் ஆறு மணிக்குள் முடிக்க முடியுமா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆறு மணிக்கு லைன் வந்துவிடும். யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். சூப்பர்வைசர் அக்கா சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தை என் காதிலேயே இருந்தது.

கையை எடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததே இல்லை. பயந்துகொண்டே நின்றேன்.

ஏழு முதல் பன்னிரண்டு வரை ஆறு திரையிலும் ஒரே வரி வந்தது.

மீதி: 39 நிமிடம்.

ஆறிலும் ஒன்றாக மாறியது.

38.

37.

பன்னிரண்டாவதில் நாற்காலி நகர்ந்தது. பிறகு பதினொன்று, பத்து. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வருகிறார். அவசரமே இல்லை.

ஒன்பது.

எட்டு.

ஏழு...

மார்க்கர் மை வாசனை அடித்தது. மூடியைக் கழற்றியதும் வருமே, அது.

என் பக்கத்தில் வந்து நின்றது.

"க்ஹும்..."

என் இடது காதருகே.

நான் கண்ணை மூடவில்லை. மூடினால் திறக்க மாட்டேன் என்று தோன்றியது.

சக்கரங்கள் மறுபடி உருண்டு தூரப் போயின.

3:36. ஆறு ஸ்பீக்கரிலும் கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும் இசை ஒரே நேரத்தில் எழுந்தது. அதன்பிறகு அறையில் எந்தச் சத்தமும் இல்லை. பன்னிரண்டு திரையும் தயாராக இருந்தன. பன்னிரண்டு மேசையிலும் மவுஸ் இடது பக்கம் இருந்தது.

மாமா உள்ளே வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"முடிச்சிட்டியா? பறக்கறியே!"

 அவர் 4, 5, 6 தட்டுகளைத் திறந்து மூன்று டிஸ்க்கையும் எடுத்தார். மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்த்தார். கையில் இருந்த மூன்றைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் கணக்குத் தெரியுமே. சிரிப்பு நின்றுவிட்டது.

"வா... டெஸ்ட் பண்ணிடலாம்," என்றார்.  மவுஸ்களை எல்லாம் அவரே ஒவ்வொன்றாக வலது பக்கம் மாற்றினார்.

எல்லாம் சரியாக இருந்தது. ஐந்தே முக்காலுக்கு ஆட்கள் வந்தார்கள். ஆறு மணிக்கு லைன் வந்தது. போன்கள் அடித்தன, எடுத்தார்கள். நாங்கள் கிளம்பினோம். கீழ்த்தளக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூட இருவரும் போகவில்லை.

வண்டியில் கேட்டேன். "மாமா, உங்களுக்கு ஏதாவது..."

"வண்டிய ஓட்ட விடும்மா."

பதினொரு நாள் கழித்து என் கருவிப் பையைத் துடைக்கும்போது அடியில் அந்த 'அசல்' டிஸ்க் கிடந்தது. நான் அதை எடுத்து வரவே இல்லை. கீழ்த்தள மேசையிலேயே விட்டுவிட்டு வந்ததுதான் ஞாபகம். வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கே கொண்டுபோனேன். சூப்பர்வைசர் அக்கா வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தார்.

"கண்ணாடிக்காரர் எழுத்து," என்றார்.

"யாரு அக்கா அது?"

"உங்களுக்கு முன்னாடி எங்க மெஷினைப் பாத்துக்கிட்டவர். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல உயரம், இடது கைக்காரர். ரெண்டு வருஷம் ஆச்சு. இதே வேலைதான். இதே மாதிரி ஞாயித்துக்கிழமை, லைனைத் திருப்பிவிட்டுட்டு. தனியாத்தான் வந்தார்."

"அப்புறம்?"

"கீழ நாற்காலிலயே போயிட்டார்மா. நெஞ்சு வலி. காலைல பதினொண்ணுக்குள்ளயே போயிருக்கணும்னு டாக்டர் சொன்னார். அவர் எழுதிட்டிருந்த டிஸ்க் பாதிகூட முடியல."

நீட்டியிருந்த டிஸ்க்கைக் கீழே இறக்கினேன்.

"அப்ப... மெஷினெல்லாம்?"

"பன்னிரண்டும் ரெடியா இருந்துச்சு. நாங்க பாட்டுக்கு சாயங்காலம் வந்து உக்காந்துட்டோம். அவர் முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டார்னு நினைச்சோம்."

"கீழ இருக்கார்னு அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். 

"ஆறு மணிக்கு லைன் வந்துச்சு. ஆறு ஒண்ணுக்கு முதல் கால். நான்தான் எடுத்தேன். ஆம்பளக் குரல். எங்க கட்டட விலாசத்தையே சொல்லிச்சு. கீழ்த்தளம்னு சொல்லிச்சு. யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'எனக்குத்தான்மா. வேலை முடியட்டும்னு இருந்தேன். அவசரமில்ல... மெதுவா வாங்க'ன்னார்."